பெட்டி சொன்ன முதலை

காட்டாற்றின் கரையில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் பசியோடு நின்றது. இந்தக் கரையில் தோண்டித் தின்ன ஒரு வேர்கூட மிச்சமில்லை. அக்கரையிலோ வள்ளிக்கிழங்கு மண்ணைப் பிளந்துகொண்டு கிடந்தது. நடுவில் ஆறு. ஆற்றில் முதலை!

சிலுப்பி என்ற இளம் பன்றி ஆற்றைப் பார்த்துத் தயங்கினாள். அவளுக்கு ஐந்து குட்டிகள். ஆற்றைக் கடக்கும்போது குட்டிகளை முன்னே இறக்கி, பெரியவை பின்னாலிருந்து மூக்கால் தள்ளிவிடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

"பயப்படாதே, மருமகளே! பெட்டியைக் கேட்டுவிடலாம்!" என்றார் கூட்டத் தலைவர் கோரைப்பல்லர்.

பெட்டி என்றால், காடு பார்க்க வந்த மனிதர்கள் தவறவிட்ட செல்போன். வெயிலில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அதற்குள் செயற்கை நுண்ணறிவு இருந்தது. ஆற்றங்கரையில் யார் எதைப் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளும். பிறகு அதையெல்லாம் ஒட்டுப்போட்டு, கேட்டவர்களுக்குத் தேனொழுகச் சொல்லும்.

"பெட்டி, நாங்கள் ஆற்றில் இறங்கலாமா?"

"அருமையான கேள்வி! தாராளமாக இறங்கலாம். முதலை சாப்பிடுவதையே விட்டுவிட்டது!"

பன்றிகள் துள்ளிக் குதித்தன.

"யார் சொன்னது?" என்று கேட்டாள் சிலுப்பி.

"கரையிலேயே வாழும் நாரை நெட்டைக்காலி சொன்ன தகவல்!"

"அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேனே, மாமா."

"எதற்கு வீண் அலைச்சல்? இங்கேயே சரிபார்க்கிறேன், பார்! பெட்டி, நீ சொன்னது உண்மைதானே?"

"நூற்றுக்கு நூறு உண்மை!"

"கேட்டாயா? இரண்டு தடவை சொல்லிவிட்டது!"

"இரண்டு தடவையும் ஒரே வாய்தானே, மாமா?"

"பிறந்த அன்றே தாய்ப்பால் நல்லதா என்று விசாரித்தவள் இவள்!" என்றது ஒரு கிழப்பன்றி. கூட்டமே சிரித்தது.

சிலுப்பிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், "நான் வரும்வரை குட்டிகளை இறக்காதீர்கள்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கரையோரம் நெட்டைக்காலி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! முதலை சாப்பாட்டை விட்டுவிட்டது என்று சொன்னீர்களா?"

"நானா?" நாரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆற்றில் மீனே இல்லை, முதலை சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது என்றேன். அது பட்டினியடி! அங்கே பார், மரக்கட்டை மாதிரி கிடந்து உங்கள் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது!"

சிலுப்பி திரும்பி ஓடினாள். கோரைப்பல்லருக்குப் பொறுமையில்லை. குட்டிகளை விளிம்பில் நிறுத்திவிட்டு, ஆழம் பார்க்கத் தன் முன்னங்கால்களை நனைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏறுங்கள்! அதற்குப் பசி!"

"பெட்டி சொன்னதே..."

சிலுப்பி கரையில் கிடந்த உளுத்த கட்டையை மூக்கால் உருட்டித் தண்ணீரில் தள்ளினாள்.

படக்!

முதலையின் வாயில் கட்டை இரண்டு துண்டானது. கோரைப்பல்லர் ஒரே தாவலில் கரையேறி, பின்பக்கம் மண்ணில் குத்த விழுந்தார்.

"ஏ பெட்டி! என்ன இது?" என்று கத்தினார்.

"நீங்கள் சொல்வது மிகவும் சரி! மன்னிக்கவும். முதலை சாப்பிடும். ஆனால் பன்றி அதற்குப் பிடிக்காது!"

"வாயை மூடு!"

அதற்குள் நாரை பறந்து வந்தாள். "ஆற்றோரமாக மேலே போனால் பாறைத்துறை இருக்கிறது. அங்கே முதலை வராது. தண்ணீர் என் முழங்கால் அளவுதான்."

"அக்கா, உங்கள் முழங்காலுக்கு என்றால் என் குட்டிகளுக்கு மூக்கு முழுகிப்போகுமே!"

"அட, ஆமாம்! எனக்கு அது தோன்றவே இல்லை."

சிலுப்பி தானே முதலில் இறங்கினாள். ஒவ்வொரு பாறையாகக் கால் வைத்துப் பார்த்தாள். பாறை வரிசையின் நடுவில் ஆழம், அதன் இடது ஓரத்தில் குட்டிகளுக்குக் கழுத்தளவு. அந்த ஓரமாகவே கூட்டம் முழுவதும் அக்கரை சேர்ந்தது.

கிழப்பன்றி வாய் நிறையக் கிழங்கோடு கேட்டது: "சிலுப்பி, இதில் விஷம் இல்லையே?"

"முகர்ந்து பார்த்துவிட்டேன், தின்னுங்கள்!"

எந்திரம் எவ்வளவு இனிமையாகப் பதில் சொன்னாலும், அது சரியா என்று அதையே திரும்பக் கேட்காமல், விஷயம் அறிந்தவரிடம் போய் விசாரித்த பிறகே நம்ப வேண்டும்.