அத்தை முன்னால் அவிழும் லேஸ்

“அத்தை இப்போது எங்கே இருக்கிறாள், ஷிஃபூ?”

கேட்டவர் சுவாங். ஐம்பத்தெட்டு வயது. டவுன் மியூசியத்தில் காவலர்.

பதில் சொல்ல வேண்டியவர் ஹுய்ஜிங் என்ற பிக்குணி. முப்பத்துநாலு வயது. சுவாங்கின் சொந்த ஊரில், ஆற்றோரத்துப் பழைய கோயிலைப் பார்த்துக்கொள்பவர்.

ஷிஃபூ என்றால் குரு. தென்சீனத்தில் சமையல்காரரையும் பஸ் டிரைவரையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் அந்தப் பட்டத்தைப் பிக்குணி பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்குச் சுவாங் சீடர். மற்ற ஆறு நாளும் காவலர்.

பிக்குணி கடுகுக்கீரையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடற்கரையில் மார்ச் மாதம் எதுவும் காயாது. சுவரே வியர்க்கும். மார்ச்சில் துவைத்த சட்டையை மே மாதம் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் அது மறுபடி அழுக்காகியிருக்கும்.

“எந்த அத்தை, பெரியப்பா?”

எந்த அத்தை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே அத்தைதான்.

கடலைக் காக்கும் அம்மன். கற்பூர மரத்தில் செய்த சிலை. அறுநூறு வருஷத்து ஊதுவத்திப் புகையில் கறுத்துப்போய், மூக்கு எங்கே முடிகிறது, சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத முகம். அம்மன் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள், அத்தை என்றால்தான் திரும்புவாள் என்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அத்தையின் இடது காலைக் கரையான் பிடித்தது. மியூசிய இயக்குநர் பெங் லாரியோடு வந்தார். ஊர் அழுதது. ஆனால் கொடுத்தது.

பெங் மூன்று மாதம் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால், தன் கையாலேயே கரையானை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு அத்தையைக் கண்ணாடிக்குள் நிற்க வைத்தார். கோயிலுக்கு அதே அளவில், பளபளவென்று, ஒரு புது அத்தை வந்தாள்.

சிக்கல் இதில் இல்லை.

நம் ஊரில் கோயில் திருப்பணி என்றால் சாமியைக் குடத்துக்கு மாற்றிய பிறகுதானே சிலையில் கை வைப்பார்கள்? அங்கேயும் அப்படி ஒன்று உண்டு. மந்திரம் சொல்லி, ஊதுவத்திச் சாம்பலுக்குள் சாமியை இறக்கிவிடுவார்கள்.

லாரி வந்த அன்று, அப்போதிருந்த பூசாரிக்குப் பல்வலி. ஒரு கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. லாரி கிளம்பும்போது அவர் ஏதோ முணுமுணுத்தார். மறு வாரம் செத்துப்போனார்.

முணுமுணுத்தது மந்திரம் என்று பாதி ஊர் சொன்னது. பல்வலி என்று மீதி ஊர் சொன்னது.

மந்திரமென்றால் அத்தை கோயிலில் இருக்கிறாள். பல்வலியென்றால் மியூசியத்தில்.

மந்திரக் கட்சியால் யாருக்கும் தொந்தரவில்லை. பல்வலிக் கட்சிதான் பஸ் ஏறி மியூசியத்துக்கு வந்தது. கண்ணாடி முன் விழுந்து கும்பிட்டது. ஆரஞ்சுப் பழம் வைத்தது. பழத்துக்கு எறும்பு வந்தது. இன்றைக்கு எறும்பு, நாளைக்குக் கரையான் என்று பெங் பயந்துபோனார். இனி அந்த அறையில் யாராவது கும்பிட்டால் காவலர் வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு போட்டு, கூரையில் ஒரு கேமராவையும் மாட்டிவிட்டார்.

சுவாங் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

போன வாரம் அவருடைய அண்ணி வந்தாள். ஆழ்கடலுக்குப் போன மகனிடமிருந்து பதினோரு நாளாகத் தகவல் இல்லை. அவள் கையைக் குவித்ததும் சுவாங் போய்த் தோளைத் தொட்டுத் தடுத்தார். டூரிஸ்ட்டுகள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கும்பிடுகிறவளைப் பிடிக்கத்தான் உனக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் அண்ணி.

மகன் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அண்ணி வந்துபோன அன்றிலிருந்து, கூட்டுக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் சுவாங்குக்குக் கிண்ணம் வைக்கவில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சுவாங் மறுபடி கேட்டார்.

“இங்கே இருக்கிறாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரையும் இங்கே அனுப்பிவிடுகிறேன். அங்கே என்றால் நாளைக்கே வேலையை விடுகிறேன். இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.”

பிக்குணி கொடியிலிருந்த கீரையைத் திருப்பிப் போட்டார்.

“நான் மியூசியமே பார்த்ததில்லை, பெரியப்பா.”



மறுநாள் வந்தார்.

எல்லோரும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிற இடம். பிக்குணிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு அட்டையையும் படித்தார். கடலுக்கடியில் கிடைத்த கப்பலின் விலாவைச் சுற்றி வந்தார். ஏதோ ஒரு பிரபு பயன்படுத்திய பீங்கான் மூத்திரச் சட்டி முன் வெகுநேரம் மரியாதையாக நின்றார்.

பிறகு அத்தையிடம் வந்தார்.

முழங்காலிட்டார்.

சுவாங் ஓடி வந்து, “ஷிஃபூ, கேமரா,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“லேஸ் அவிழ்ந்துவிட்டது, பெரியப்பா.”

பிக்குணிகள் போடுவது துணிச் செருப்பு. அதில் லேஸ் கிடையாது. இல்லாத லேஸை அவர் இரண்டு விரலால் எடுத்தார், சுற்றினார், இழுத்து முடிந்தார். சரியாக வரவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து மறுபடி முடிந்தார். தலை நெடுநேரம் குனிந்தே இருந்தது. பிறகு எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

வரிசையில் அடுத்து நின்றவள் அண்ணி. மகன் திரும்பியதற்கு நன்றி சொல்ல வந்தவள். சுவாங்கைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

“எனக்கும் அவிழ்ந்துவிட்டது,” என்று குனிந்தாள்.

அவள் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.

சுவாங் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். லேஸ் கட்டக்கூடாது என்று உத்தரவில் இல்லை.

ஒரு வாரத்தில் பல்வலிக் கட்சி முழுக்க லேஸ் அவிழ்ந்து வந்தது. இரண்டாவது வாரம் மந்திரக் கட்சியிலும் பலருக்கு அவிழ்ந்தது. ஊர்க் கடையில் லேஸ் தீர்ந்துபோய், மீனவர்கள் வலைக்கயிற்றை நறுக்கிக் கோத்துக்கொண்டார்கள். ஒரு தாத்தா சக்கர நாற்காலியில் வந்தார். அவருக்கு இரண்டு காலும் கிடையாது. அவருக்கும் அவிழ்ந்தது.

விஷயம் தெரியாத டூரிஸ்ட்டுகள், இந்த அறைக்கு வந்தால் லேஸைச் சரிபார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று தாங்களும் குனிந்து சரிபார்த்தார்கள்.

இயக்குநர் பெங் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு, தரையில் ஏதோ அதிர்வு இருக்க வேண்டும் என்றார். இரண்டு பொறியாளர்கள் வந்து தரையைத் தட்டினார்கள், அளந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். அவருக்கு அளந்துகொண்டிருக்கும்போதே அவிழ்ந்தது. தரையில் குறையில்லை, லேஸ்களின் தரத்தை ஆராய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

பெங் அதைப் படித்தார். வருகிறவர்களுக்கு முழங்கால் வலிக்காமலிருக்க அந்த இடத்தில் ஒரு மெத்தை போடச் சொன்னார்.

சுவாங்கின் வேலை தப்பியது. வீட்டில் கிண்ணம் வந்தது. கிண்ணத்தில், பெரியவர்களுக்கென்று ஒதுக்கும் மீனின் கன்னத்துச் சதையும் வந்தது.



ஆனால் சீடருக்கு மனம் ஆறவில்லை. ஒரு திங்கட்கிழமை கோயிலுக்கு வந்தார். பிக்குணி ஏணியில் நின்று கூரை ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

“நான் கேட்டது லேஸைப் பற்றி இல்லை, ஷிஃபூ. அத்தை எங்கே என்று கேட்டேன்.”

“ஆமாம். கேட்டீர்கள்.”

“ஒன்பது வருஷமாக அந்தக் கண்ணாடிக்குக் காவல் நிற்கிறேன். உள்ளே இருப்பது அத்தையா, வெறும் மரமா? அதுகூடத் தெரியாமல் எப்படி நிற்பது?”

“பொருள் இருக்கிறதா, காணாமல் போய்விட்டதா என்கிறீர்கள். காவலர் கேட்கிற கேள்வி.”

“வேறு எப்படிக் கேட்பது?”

“எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஓட்டை எடுங்கள்.”

சுவாங் ஓட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அறுபது ஓடு எடுத்துக் கொடுத்தார். பதில் ஒன்றும் வரவில்லை. கோபமாக வீட்டுக்குப் போனார். அடுத்த திங்கட்கிழமை முதுகுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.



புதன்கிழமை காலை. மியூசியம் திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

இயக்குநர் பெங் தனியாக வந்தார். முந்தின நாள் சட்டையிலேயே இருந்தார். சுவாங் எழுந்து நின்றார்.

பெங் நேரே அத்தையிடம் போய், கண்ணாடிக்குள் இருந்த ஈரமானியைப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார்.

பிறகு, திரும்பாமலேயே பேசினார். ஷாங்காயில் படிக்கும் அவர் மகள் நேற்று வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். இதயத்தில் ஒரு வால்வு. ஒன்பது மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்களாம். அம்மா கூட இருக்கிறாள். ராத்திரி மழையில் விமானம் எதுவும் கிளம்பவில்லை. இவருக்கு ரயில் பத்தரைக்குத்தான்.

சுவாங் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் மணி எட்டு ஐம்பது.

“கரையானை எடுத்தபோது இவளுக்குள்ளே பார்த்தவன் நான்,” என்றார் பெங். “மரம்தான், சுவாங்.”

“ஆமாம், ஐயா.”

பெங் போகவில்லை. மெத்தையைப் பார்த்தார். அதில் ஊர்க்காரர்களின் முழங்கால் பட்டு இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. பிறகு தன் காலைப் பார்த்தார். கறுப்பு ஷூ. இரட்டை முடிச்சு, இறுக்கமாக.

“எனக்கு அவிழவே இல்லை,” என்றார்.

சுவாங் ஒரு தரம் கூரையில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இயக்குநரின் காலடியில் முழங்காலிட்டு, முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தார்.