திரும்பக் கூடாத வெளிச்சம்

எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அங்கேதான் இடம் கிடைத்திருக்கும்.

அங்கே பேராசிரியர் தணிகாசலமும் அவருடைய உதவியாளர்கள் மாசிலாமணியும் பொன்னுரங்கமும் மூன்று வருஷமாக ஒரு குறைக்கடத்தி லேசரோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். கடுகளவு சாமான்தான். ஆனால் அதன் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள், சாமி வந்த மாதிரி ஆடியது. விடிந்தால் ஆய்வுக்குழு பார்வையிட வருகிறது. முள் ஆடினால் ஆய்வகத்துக்குப் பூட்டு. மாசிலாமணி தற்காலிக ஆள். அவன் வேலை அம்போ!

பதறிப்போய் ஒரு நிபுணரைப் போனில் பிடித்தார்கள்.

"போன வெளிச்சம் எதுலயோ பட்டுத் திரும்பி லேசருக்குள்ளயே நுழையுது. அதான் தடுமாறுது. துளி வெளிச்சம் திரும்பக் கூடாது, பாத்துக்குங்க" என்றார் அவர்.

பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடி பீரோ வெளியே போனது. எவர்சில்வர் டம்ளர் போனது. மாசிலாமணி தன் மூக்குக்கண்ணாடியையும் வெளியே வைத்துவிட்டு வந்து மேசையில் முட்டிக்கொண்டான். முள் ஆடியது.

"இன்னும் ஒண்ணு பளபளங்குதுங்க" என்றான் பொன்னுரங்கம், பேராசிரியரின் வழுக்கையைப் பார்த்தபடி.

தணிகாசலம் வழுக்கையை ஒருதரம் தடவிப் பார்த்தார். "அறிவியலுக்காகத் தலையையே தர்றேன்" என்று குனிந்தார். கரி பூசினார்கள். அப்போதும் முள் ஆடியது.

மாசிலாமணி மீட்டரோடு மூக்கை ஒட்டிப் பார்த்தான். "ஐயா, மீட்டர் மூஞ்சியிலயும் கண்ணாடிதானே? வெளிச்சம் அங்க போனாத்தானே திரும்பும்?"

"அடடா! மூளைடா உனக்கு!"

லேசரை ஜன்னல் பக்கம் திருப்பினார்கள். முள் பூச்சியத்தில் படுத்துவிட்டது. மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் குழுத்தலைவி குனிந்து பார்த்தார். "மீட்டருக்கு வெளிச்சமே போகலியே?"

"போக விடுவோமா மேடம்? போனா ஆடுமே!" என்றான் மாசிலாமணி பெருமையாக.

அந்த அம்மாள் கரித்தலையை ஒருதரம் பார்த்தார். எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதான்.

"அசடே, எதுக்கு அழறே?" என்றார் தணிகாசலம். "ஜன்னலும் சாத்தியாச்சு, கதவும் பூட்டியாச்சு. போன வெளிச்சம் இனி எப்படித் திரும்பும்? ஜெயிச்சுட்டோம்டா!"

மாசிலாமணி மூக்கை உறிஞ்சினான். "சாவித் துவாரம் இருக்கே, ஐயா?"

மூவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. மாசிலாமணி சட்டென்று அதில் விரலை விட்டு அடைத்தான். அடைத்த விரல் வெளியே வரவில்லை.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் தணிகாசலம். "இனிமே உனக்கு இங்க நிரந்தர வேலை!"