வாலைப் பிடித்து வந்த படிப்பு

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் மைனா வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். எல்லாரும் பிள்ளைகளை அனுப்பினார்கள்; காத்தாயி என்ற யானை மட்டும் அனுப்பவில்லை. மலையைச் சுற்றி வந்தால் வராத படிப்பா மரத்தடியில் உட்கார்ந்தால் வந்துவிடப்போகிறது என்பது அவள் கட்சி. கோடை வந்தால் போதும், மகள் மாதுளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மகள் என்றால் அவளுக்கு உயிர். அதனால் ஒரே ஒரு கண்டிப்பு: மாதுளை அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கவேண்டும், விடவே கூடாது.

திரும்பி வந்ததும், "என்னம்மா பார்த்தாய்?" என்று மாதுளையிடம் மைனா கேட்பார். அவள் வாயைத் திறக்குமுன் காத்தாயி முந்திக்கொண்டு, சுனையைப் பார்த்தாள், மூங்கில் காட்டைப் பார்த்தாள் என்று அளந்து கொட்டுவாள். கேட்பவர்களுக்கு மாதுளை பெரிய படிப்பாளி என்றே தோன்றும்.

ஒரு கோடையில், மலையடிவாரத்தில் காத்தாயியின் காலில் மூங்கில் சிம்பு ஏறி, கால் வீங்கிப்போனது. ஓடையோ வறண்டு கிடந்தது. தாகத்தில் இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்ல வேளையாக, வருஷா வருஷம் போகும் சுனை பக்கத்தில்தான் இருந்தது. நீயாவது போய்க் குடித்துவிட்டு வா கண்ணு என்றாள் காத்தாயி.

மாதுளை நகரவில்லை.

"எந்தப் பக்கம் அம்மா? நான் உன் வாலைத்தானே பார்த்துக்கொண்டு வந்தேன்."

காத்தாயிக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நான் இல்லாமல் போனால் இந்தப் பிள்ளை தாகத்தில் செத்துப்போகுமே என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ முன்னால் நட. நான் பின்னால் வருகிறேன்."

மாதுளை முதலில் தப்பான பக்கம்தான் போனாள். காத்தாயிக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் பேசாமல், மகளின் குட்டி வாலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். கொஞ்ச தூரத்தில் மாதுளை நின்றாள். தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தாள். ஈர மண் வாசனை வந்த பக்கம் திரும்பினாள். பாறை இடுக்கில் பச்சைப் பாசியைக் கண்டதும் அவள் நடை வேகமானது. அடுத்த திருப்பத்தில் சுனை கிடந்தது. இருவரும் வயிறு முட்டக் குடித்தார்கள்.

கால் ஆறி வீடு திரும்பியதும், மைனா வழக்கம்போலக் கேட்டார். காத்தாயி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். பேச ஆரம்பித்த மாதுளை பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை.

நீதி: பிள்ளையை எங்கெல்லாம் கூட்டிப் போனாலும், வழியை அதுவே பார்த்து நடக்க விட்டால்தான் அது படிப்பு.