ஆளுக்குப் பாதி ஷாஃப்ட்

கீழப்பொய்யூரில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து உழவு வண்டி வாங்கினார்கள். டிராக்டர் அய்யாறப்பனுக்கும் கலியமூர்த்திக்கும். அதன் பின்னால் மாட்டிச் சேற்றைக் கலக்குகிற ரொட்டவேட்டர் வைரக்கண்ணுவுக்கும் பக்கிரிசாமிக்கும். பேச்சு சுத்தமாக முடிந்திருந்தது. வண்டி வந்து இறங்கிய அன்றுதான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தண்டு இருப்பதைப் பார்த்தார்கள். டிராக்டரின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் அது.

"இது யாரோடது?" என்று கேட்டார் அய்யாறப்பன். நால்வரில் மூத்தவர் அவர். யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார் என்று ஊரில் பெயர்.

"டிராக்டர் இல்லாட்டி இது சுத்தாது. அதனால எங்களோடது" என்றான் கலியமூர்த்தி.

"ரொட்டவேட்டர் இல்லாட்டி இது சுத்தி என்ன ஆவப்போவுது? அதனால எங்களோடது" என்றான் வைரக்கண்ணு.

இரண்டும் நியாயமாக இருந்ததால் மத்தியானம் வரை யாரும் சாப்பிடப் போகவில்லை. கடைசியில் பக்கிரிசாமி அசதியில் ஷாஃப்ட்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அது பாதியாகக் கழன்று கையோடு வந்தது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நுழைகிற மாதிரி செய்த தண்டு அது.

"பாத்தீங்களா, செஞ்சவனே பாகம் பிரிச்சுத்தான் அனுப்பியிருக்கான்" என்றார் அய்யாறப்பன்.

அன்று முதல் தினமும் வேலை முடிந்ததும் ஷாஃப்ட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். டிராக்டர் பக்கத்துப் பாதி அய்யாறப்பன் வீட்டுக்குப் போகும். மற்றது வைரக்கண்ணு வீட்டுக்கு. அவரவர் பாதியை அவரவர் துடைத்து, எண்ணெய் போட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். காலையில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கூட்டுச் சொத்தில் சண்டை வராமலிருக்க இதைவிட நல்ல வழி உண்டா என்று நானும் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பிடிபடவில்லை.

அந்த வருடம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் ஒரு திங்கட்கிழமை வந்தது. முதல் உழவு பக்கிரிசாமியின் ஒன்றரை மா நிலத்துக்கு. நாற்றுக்கு வயது முப்பது நாளைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் முற்றி, மாட்டுக்குத்தான் ஆகும். அவர் மனைவி சம்பூர்ணம் வெள்ளிக்கிழமைக்கு நடவு ஆட்களைச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாளை விட்டால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு தீபாவளிக்குத்தான் பார்க்கலாம்.

"வெள்ளிக்கிழமை விடியறப்ப வயல் சேறாயிருக்கணும். இல்லேன்னா அந்த ஷாஃப்ட்டை ஊறவச்சு அரைச்சுச் சோறு போடுறேன்" என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அய்யாறப்பன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆனாலும் அவள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

திங்கட்கிழமை வண்டியைக் கிளப்பினார்கள். ஷாஃப்ட் சாமி வந்தது போல ஆடியது. டிராக்டர் ஆடியது. மேலே உட்கார்ந்திருந்த கலியமூர்த்தியின் மூக்குக்கண்ணாடி வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தது. ஷாஃப்ட்டைக் கழற்றி ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டு கடைத்தெருவில் ஜபருல்லா பாயின் பட்டறைக்குப் போனார்கள்.

பாய் தேய்ந்துபோன பேரிங்கை மாற்றினார். கிரீஸ் அடித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் கவட்டை மாதிரி இருக்கே, அந்தக் கவை ரெண்டும் ஒரே வாக்குல நிக்கணும். மாறி நின்னா இப்படித்தான் ஆடும். நீங்க தினம் கழட்டுறதால சொல்றேன், ரெண்டு பாதியிலயும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டுக்குங்க. மாட்டும்போது கோடும் கோடும் சேரணும். அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடிங்க."

நால்வரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய் அய்யாறப்பன் தன் பாதியில் மஞ்சள் கோடு போட்டார். வைரக்கண்ணு தன் வீட்டில் தன் பாதியில் சிவப்புக் கோடு போட்டு, மீந்த பெயின்ட்டில் ஓரத்தில் ஒரு தாமரையும் வரைந்தான். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ஆளுக்கு ஆள் கிரீஸும் அடித்தார்கள். வண்டி ஓடினால்தான் நேரம் என்று பாய் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கோட்டோடு கோடு மயிரிழை பிசகாமல் சேர்த்து மாட்டினார்கள். வண்டி முன்னைவிட அதிகமாக ஆடியது.

"கோடு சேந்துதானே இருக்கு?" என்றார் அய்யாறப்பன்.

"சேந்துதாண்ணே இருக்கு" என்றான் மேலே உட்கார்ந்திருந்த கலியமூர்த்தி.

"அப்ப ஆடலை."

"ஆடுதேண்ணே. என் பல்லு ஆடுது."

"நீ பல்லைப் பாக்காத. கோட்டைப் பாரு."

கோட்டைப் பார்த்தார்கள். கோடு சரியாக இருந்தது. ஆனாலும் டிராக்டரின் பின் விளக்கு கழன்று தண்ணீரில் விழுந்தபோது பக்கிரிசாமிக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. பாய்க்குப் போன் போட்டார்.

பாய் வயலுக்கே வந்தார். வழிகிற கிரீஸையும் தாமரையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஷாஃப்ட்டை உருவி, திருப்பி, கவைகளை ஒரே வாக்கில் நிறுத்தி மாட்டினார். பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டார். கிளம்பும்போது நால்வரின் இடுப்பையும் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஷாஃப்ட் சுத்தும்போது வேட்டியோட கிட்டப் போகாதீங்க. நுனி மாட்டினா ஆளையே இழுத்துச் சுருட்டிடும். உயிர்ச் சமாச்சாரம்."

உயிர்ச் சமாச்சாரம் என்பதால் உடனே நால்வரும் வேட்டியை அவிழ்த்தார்கள். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வரப்பெல்லாம் ஈரம். கண்ணுக்கு எட்டியவரை மரம் இல்லை. இடுப்பு உயரத்தில், கொடி கட்டினாற்போல, ஷாஃப்ட் இருந்தது. நாலு வேட்டியையும் மடித்து அதன்மேல் போட்டார்கள். கலியமூர்த்தி ஏறி உட்கார்ந்து லீவரைப் போட்டான்.

நாலு வேட்டியும் ஒரு வேட்டியாயின. பிறகு கயிறாயின. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். ஷாஃப்ட் தனியாகச் சுற்றியது, ரொட்டவேட்டர் நின்றுவிட்டது. சோற்றுக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்த சம்பூர்ணம் நாலு அண்டராயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனாள். சோறும் போனது.

பாதி வழி போயிருந்த பாய் திரும்பி வந்தார்.

"வேட்டியோட கிட்டப் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நாங்க போகலையே பாய். வேட்டி மட்டுந்தான் போச்சு" என்றார் அய்யாறப்பன்.

பாய் கத்தியை எடுத்து ஒரு மணி நேரம் துணி அறுத்தார். கடைசியில் ஷாஃப்ட்டின் நுனியிலிருந்து இரண்டாக உடைந்த ஒரு போல்ட்டை எடுத்துக் காட்டினார்.

"இது உடைஞ்சதாலதான் உங்க கியர் பெட்டி பிழைச்சுது. இந்த போல்ட் உடையறதுக்குன்னே வச்சது. கல்லு, வேரு எது சிக்கினாலும் முதல்ல இது உடையும், பெட்டி தப்பிச்சுக்கும். இந்தாங்க, நாலு போல்ட். நான் நாகூருக்குக் கல்யாணத்துக்குப் போறேன், சனிக்கிழமைதான் வருவேன். அதுவரைக்கும் நான் குடுத்த போல்ட்டைத் தவிர வேற எதையும் இதுல போடாதீங்க."

புதன்கிழமை காலை ரொட்டவேட்டரைச் சுற்றி நின்று பேசினார்கள்.

"போல்ட் உடைஞ்சாத்தான் பெட்டி பிழைக்கும்னாரு பாய்" என்றார் அய்யாறப்பன். "சேத்துக்குள்ள போய் உடையுதோ இல்லையோ, யார் கண்டா? உடையாமப் போயிட்டா?"

"பெட்டி போயிரும்ணே" என்றான் வைரக்கண்ணு. ரொட்டவேட்டரோடு சேர்ந்த அந்தப் பெட்டி அவன் பங்கு.

"அப்ப இங்கேயே உடைச்சுட்டுப் போயிருவோம்."

சம்மட்டியால் ஒரு போல்ட்டை உடைத்து, இரண்டு துண்டையும் பத்திரமாக ஓட்டைக்குள் வைத்துக் கலியமூர்த்தி வண்டியை எடுத்தான். டிராக்டர் வயலைச் சுற்றி வந்தது. ஷாஃப்ட் அழகாகச் சுற்றியது. ரொட்டவேட்டர் ஊர்வலத்தில் வருகிற பெரியவர் போலச் சும்மா பின்னால் வந்தது.

"பெட்டி எப்படியிருக்கு?"

"ஒரு கீறல் இல்லண்ணே!"

"உழவு?"

"அதுவும் இல்லண்ணே."

போல்ட் போதுமான அளவு உடையவில்லை போலும் என்று இரண்டாவதை இன்னும் சின்னதாக உடைத்தார்கள். மூன்றாவதைத் தூளாக்கினார்கள். பெட்டி பத்திரமாக இருந்தது. பொழுது சாய்ந்தது. நாலாவது போல்ட்டை அய்யாறப்பன் கையில் எடுத்தபோது பக்கிரிசாமியால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், இதை மட்டும் உடைக்காம மாட்டிப் பாத்தா என்ன?"

"உடைக்காமயா!"

அதிர்ச்சியில் அய்யாறப்பனின் கை உதறியது. இரண்டு நாளாக எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கிரீஸ் அடித்த கை. போல்ட் வழுக்கி, வயலின் தென்மேற்கு மூலையில், அவர் காலடியிலேயே விழுந்து தண்ணீருக்குள் மறைந்தது.

கடைத்தெருவில் வேறு போல்ட் கிடைக்கும். ஆனால் பாய் கொடுத்ததைத் தவிர வேறு போடக்கூடாது. பக்கிரிசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளிக்கிழமை அவகிட்ட நான் என்னத்தைச் சொல்லுவேன்" என்றார். எல்லோருக்கும் சம்பூர்ணத்தைத் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்ததும் சும்மா இருந்த சொந்தக்காரர்கள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு தேட வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தென்மேற்கு மூலையில் கையை விடப் போனார். அய்யாறப்பன் தடுத்தார்.

"விழுந்த இடத்துல முதல்லயே தேடக்கூடாது."

"ஏன்?"

"அங்கேயே கிடைச்சுட்டா, மத்த இடத்துல இல்லைங்கிறது எப்படித் தெரியும்?"

இதை நானும் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாதத்தில் ஓட்டை இருப்பது தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

வடகிழக்கு மூலையில் பதினாலு பேரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று, காலால் அழுத்தித் துழாவிக்கொண்டே வந்தார்கள். ஓர் அங்குலம் விடவில்லை. கட்டிக்குள் ஒளிந்திருக்கலாம் என்று ஒவ்வொரு கட்டியையும் மிதித்து உடைத்தார்கள். களைக்கு அடியில் இருக்கலாம் என்று களையையெல்லாம் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சேற்றுக்குள் அமுக்கினார்கள். போக்கும் வரவுமாக மூன்று தடவை ஆயிற்று. கலியமூர்த்தி ஒரு யோசனை சொன்னான். வயலை மட்டம் செய்கிற பரம்புப் பலகையைப் போட்டு இழுத்தால் போல்ட் தட்டும்போது 'டங்'கென்று கேட்கும். இழுத்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு அந்த ஒரு மூலையை விட்டு மற்ற வயல் முழுவதும் இழுத்தார்கள். 'டங்' கேட்கவில்லை. தென்மேற்கு மூலைக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சம்பூர்ணம் நடவு ஆட்களோடு வந்தாள். வரப்பில் பதினாலு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். அவள் வயலைப் பார்த்தாள். காலை விட்டுப் பார்த்தாள். முழங்கால் வரை வெண்ணெய் போல உள்ளே போனது. கண்ணாடி போல மட்டமாக இருந்தது. ஒரு களை இல்லை.

"மன்னிச்சுக்க தங்கச்சி" என்றார் அய்யாறப்பன். "உழவு ஆகலை."

சம்பூர்ணம் அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அதனால என்னண்ணே. நீங்க அந்த மூலையில தேடிக்கிட்டே இருங்க. நாங்க சும்மா நிக்கிறதுக்கு நாத்தை நட்டுக்கிட்டு இருக்கோம்."

பத்து மணிக்கு நடவுக்காரப் பெண் ஒருத்தியின் காலில் போல்ட் தட்டுப்பட்டது, அது விழுந்த இடத்திலேயே. "கடைசி இடத்துலதான் கிடைக்கும்னு சொன்னேன்ல?" என்றார் அய்யாறப்பன். உடைக்காமல் மாட்டினார்கள். கோட்டோடு கோடு சேர்த்தார்கள். ரொட்டவேட்டர் ஆடாமல் அசையாமல் கத்திகளைச் சுழற்றியது. உழுவதற்குத்தான் இடமில்லை. மடையடி வரை நட்டுவிட்டிருந்தார்கள். ரோட்டில் நிறுத்தி, மத்தியானம் வரை சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு, திருப்தியோடு ஷாஃப்ட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் போகம் பக்கிரிசாமிக்கு விளைந்ததுபோல ஊரில் யாருக்கும் விளையவில்லை. நால்வரும் உட்கார்ந்து காரணத்தை ஆராய்ந்தார்கள். போல்ட் தொலைந்த வயல்தான் விளைகிறது என்பது தெளிவாயிற்று. அடுத்த முறை அய்யாறப்பன் வயலில் பாய் கொடுத்த போல்ட் ஒன்றை முறைப்படி தொலைப்பதென்று முடிவு செய்தார்கள். எங்கே விழுகிறது என்று தெரிந்துவிட்டால் அது தொலைந்ததாகாது. எனவே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வது, வைரக்கண்ணு வரப்பில் நின்று தானும் கண்ணை மூடிக்கொண்டு எறிவது.

அப்படியே கண்ணை மூடினார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து வயலில் இறங்கினார்கள். அன்றும் மறுநாளும் துழாவினார்கள், மிதித்தார்கள், பரம்பு இழுத்தார்கள். வயல் குழம்பாகிவிட்டது. போல்ட் மட்டும் இல்லை. மறுநாள் சாயங்காலம், சோர்ந்துபோய்க் கரையேறினபோதுதான் வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள். கண்களை இறுக மூடிக்கொண்டு, ஓங்கிய கையில் போல்ட்டோடு வரப்பில் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"எறியலாமாண்ணே?" என்று கேட்டான்.

பக்கிரிசாமி வயலைத் திரும்பிப் பார்த்தார். "அதான் எல்லாம் ஆயிருச்சே மச்சான். இனிமே எதுக்கு எறியணும்?"

அய்யாறப்பன் வெகுநேரம் யோசித்தார்.

"எறியாத போல்ட்டை ரெண்டு நாளா தேடிட்டோம். வெளியில தெரிஞ்சா நம்மள முட்டாளுங்கம்பானுங்க" என்றார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. வைரக்கண்ணு, எறிப்பா."