எதையும் கட்டக் கூடாது

முன்னொரு காலத்தில், மேகம் கறுத்தாலே கூரையை அண்ணாந்து பார்க்கிற அரசன் ஒருவன் இருந்தான். பெயர் விசயகண்டன். நாட்டின் பெயர் எதற்கு? அது இப்போது இல்லை.

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு. புதிதாக எழுப்பிய வசந்த மண்டபம் ஐப்பசி மழையில் இடிந்து விழுந்தது. நல்ல வேளையாக உள்ளே யாரும் இல்லை. அரசனுடைய ஊஞ்சல் மட்டும் நசுங்கியது. மண்டபத்தை எழுப்பியவர் மராமத்துத் தலைவர் சிங்கப்பெருமாள். சபையில் அவர் செங்கல் சரியில்லை, சுண்ணாம்பு சரியில்லை, கடைசியில் மழையே சரியில்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

விகடகவி தாண்டவராயன் எழுந்தான். "மண்டபம் விழவில்லை மன்னா. நின்று நின்று கால் வலித்து உட்கார்ந்துவிட்டது."

சபை சிரித்தது. சிங்கப்பெருமாள் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கண்டவர்களும் சாந்து பூசும் கரணையைக் கையில் எடுப்பதால்தான் சுவர் விழுகிறது என்று அரசனுக்கு ஒரு யோசனை வந்தது. இனி அரசிடம் உரிம ஓலை பெற்றவர்தான் கொத்து வேலை செய்யலாம். விதிகளை எழுதும் பொறுப்பைச் சிங்கப்பெருமாளிடமே விட்டான். அவரும் எழுதினார். எழுதிய கையோடு முதல் ஓலையைத் தமக்கே கொடுத்துக்கொண்டு, ஆணையைச் சபையில் படித்தார்.

"உரிம ஓலை இல்லாதவர் இந்நாட்டில் எதையும் கட்டக் கூடாது. மீறுவோர் நாடு கடத்தப்படுவர்."

தாண்டவராயன் கையைத் தூக்கினான். "எதையும் என்றால், எதையுமா?"

"எதையும் என்றால் எதையும்தான். கோழிக்கூடானாலும் சரி. இதில் ஓர் எழுத்தும் மாறாது."

"ஓர் எழுத்தும் மாறாது," என்றான் அரசனும்.

அன்றே பறை அறைந்து ஊருக்குச் சொன்னார்கள். மறுநாளே தாண்டவராயன் வீட்டுக் கொல்லைச் சுவர் மழையில் சரிந்தது. கொத்தனார் இருளாண்டி பழகிய தோஷத்துக்காக வந்து, ஒரே பகலில் சுவரை எழுப்பிக் கொடுத்தார். அவர் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தபோதே காவலர் வந்து நின்றனர். யார் சொல்லி வந்தார்கள் என்று தாண்டவராயன் கேட்கவில்லை. தெருமுனையில் சிங்கப்பெருமாளின் பல்லக்கு நின்றிருந்தது.

சபையில் இருளாண்டி கைகட்டி நின்றார். ஓலை வாங்கிக்கொள்ள ஆயத்தம்தான், அதற்கு என்ன வழி என்று கேட்டார்.

"ஓலை பெற்றவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும்," என்றார் சிங்கப்பெருமாள்.

"ஓலை வாங்குனவுக யாரு சாமி?"

"நான் ஒருவன்தான்."

"எப்ப வாங்குனீக?"

"முந்தாநாள்."

இருளாண்டி விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப நீங்க யாருகிட்ட நாலு வருசம் பாத்தீக?"

விதி எழுதுகிறவருக்கு விதி கிடையாது என்றார் சிங்கப்பெருமாள். அரசனுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் ஆணை ஆணைதானே. வெள்ளிக்கிழமை இளவரசிக்குக் கல்யாணம். பந்தி முடிந்ததும் இருளாண்டியை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

முப்பது வருடமாக இந்த ஊருக்குச் சுவர் எழுப்பியவர். இப்போது நண்பன் வீட்டுச் சுவருக்காக நாட்டை விட்டுப் போகப்போகிறார். தாண்டவராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அரசனிடம் போய், ஆணையை மீறுகிறவர்களைக் கண்காணிக்கும் வேலையைத் தனக்குத் தரவேண்டும் என்று கேட்டான். இருளாண்டியின் நண்பன் கையாலேயே மற்றக் கொத்தனார்களும் பிடிபடட்டும் என்று சிங்கப்பெருமாளும் சந்தோஷமாகச் சிபாரிசு செய்தார்.

தாண்டவராயன் கொத்தனார்கள் பக்கமே போகவில்லை. நேராகப் பூக்கடைத் தெருவுக்குப் போனான்.

"அக்கா, என்ன செய்கிறீர்கள்?"

"பாத்தா தெரியலையா? பூ கட்டுறேன்."

"ஓலை இருக்கிறதா?"

பூக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் ஆணையை நிதானமாகப் படித்துக் காட்டினான். ஓலை இருக்கிறவர் மராமத்துத் தலைவர் ஒருவர்தான், அவர் வீடு இன்ன இடத்தில் இருக்கிறது என்று வழியும் சொன்னான். பிறகு யானைக் கொட்டாரம். பிறகு பந்தல்காரர்கள். பிறகு அரசனுக்குத் தலைப்பாகை கட்டிவிடும் கிழவர்.

புதன்கிழமை விடிந்தபோது சிங்கப்பெருமாள் வாசலில் பதினேழு கூடை மல்லிகை இருந்தது. கூடைகளுக்குப் பின்னால் ஒரு யானை நின்றது. கட்டமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. சொன்னால் தாம் எழுதிய ஆணை தப்பு என்று தாமே ஒப்புக்கொண்டதாகும். பூ கட்டினார். யானையைக் கட்டினார். கல்யாணப் பந்தலை ஒற்றை ஆளாகக் கட்டினார். அது தெற்குப் பக்கம் சாய்ந்து நின்றது. தினமும் விடியற்காலையில் அரண்மனைக்கு ஓடி அரசனுக்குத் தலைப்பாகை கட்டினார்.

"எவ்வளவு விசுவாசம், பாருங்கள்," என்று அரசன் அரசியிடம் சொன்னான். தலைப்பாகை இடது காதை மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பக்கத்து நாட்டு இளவரசன் தாலியைக் கையில் எடுத்தான். மேளக்காரர் கோலை ஓங்கினார். தாண்டவராயன் மணவறைக்கு முன்னால் வந்து கும்பிட்டான்.

"மாப்பிள்ளை மன்னிக்க வேண்டும். உரிம ஓலை கொண்டுவந்திருக்கிறீர்களா?"

மேளக்காரரின் கோல் ஓங்கியபடியே நின்றது.

"தாண்டவராயா, அது தாலி," என்றான் அரசன்.

"தெரிகிறது மன்னா. அதை என்ன செய்யப்போகிறார்?"

அரசன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

"கலங்க வேண்டாம். ஓலை பெற்றவர் நம் நாட்டில் ஒருவர் இருக்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில். முகூர்த்தம் தப்புவதற்குள் அவரையே கட்டச் சொல்லிவிடலாம்."

பந்தல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சிங்கப்பெருமாளுக்கு வயது அறுபத்திரண்டு. பக்கத்தில் அவர் மனைவி கனகவல்லி வெற்றிலைத் தட்டை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"எந்திரிங்க பாப்போம்," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. மூட்டு வலி என்றார். பிறகு மெல்லிய குரலில், ஆணையில் 'எதையும்' என்ற இடத்தில் 'கட்டடம்' என்று இருக்க வேண்டும், அது கைப்பிழை என்றார்.

"ஓர் எழுத்தும் மாறாது என்றீர்களே," என்றான் தாண்டவராயன்.

குனிந்திருந்த இளவரசியின் தோள்கள்தான் முதலில் குலுங்கின. அதைப் பார்த்து அரசனும் சிரித்தான். சிரித்த வேகத்தில் தலைப்பாகை அவிழ்ந்து மடியில் விழுந்தது. தாண்டவராயன் கையிலிருந்த ஆணையை வாங்கி அங்கேயே இரண்டாகக் கிழித்தான். "மாப்பிள்ளை, கட்டும்," என்றான். மேளம் கொட்டியது.

பந்தி முடிந்ததும் அரசன் எல்லாரையும் தாண்டவராயன் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப்போனான். பட்டத்து யானையை விட்டு இருளாண்டியின் சுவரில் முதுகைத் தேய்க்கச் சொன்னான். யானை ஆசை தீரத் தேய்த்துக்கொண்டது. சுவர் நின்றது. இனி ஓலைக்கு இதுதான் பரீட்சை என்றும், முதல் ஓலை இருளாண்டிக்கு என்றும் அரசன் சொன்னான். சிங்கப்பெருமாளுக்கும் ஓலை உண்டு. ஓலை பெற்றவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்த பிறகு.

இருளாண்டி அவரைப் பணிவாகப் பார்த்தார். "வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க சாமி. மொதல்ல மண்ணு மிதிக்கணும்."

தாண்டவராயனுக்குச் சரிகை போட்ட பட்டு வேட்டி பரிசாக வந்தது. அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். ஏன், கட்டிக்கொள்ளேன் என்றான் அரசன்.

"ஆணையைக் கிழித்தது பந்தலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் மன்னா. இன்னும் பறை அறையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே எழுதி முத்திரை வைத்தான். 'இந்த ஓலை உடையவன் வேட்டி கட்டிக்கொள்ளலாம். கதையும் கட்டலாம்.'