மான்களுக்கென்று வளர்ந்த புல்

ஒரு காட்டில் மரமே இல்லாத அகன்ற புல்வெளி ஒன்று இருந்தது. அதன் குறுக்கே ஓர் ஓடை ஓடியது. ஒரு காட்டெருமையும் சில மான்களும் அங்கே மேய்ந்து வந்தன. ஒரு கரையில் மேயும்போது மறு கரையை யாரும் தொடுவதில்லை. அங்கே புல் ஓய்வெடுத்து வளர்ந்த பிறகுதான் கரை மாறுவார்கள். மாறும்போது முதலில் இறங்குவது ஒருமுறை காட்டெருமை, மறுமுறை மான்கள்.

இந்த முறை மான்களின் முறை.

அதை நினைத்தாலே காட்டெருமைக்கு வயிறு எரிந்தது. கன்று ஈன்று சில நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அதன் கண் கன்றின்மேல் இல்லை, மறு கரையின்மேலேயே இருந்தது.

"எவ்வளவு செழிப்பாக வளர்கிறது பார். எல்லாம் அந்த மான்களுக்கு," என்று முணுமுணுத்தது.

"நமக்கும் மிச்சம் இருக்கும் அம்மா," என்றது கன்று.

"மிச்சத்தைத் தின்னவா உன்னைப் பெற்றேன்?"

அன்றே எருமை ஓடையைத் தாண்டியது. பசி என்று நினைக்காதீர்கள், குழந்தைகளே. ஏற்கெனவே மேய்ந்தது தொண்டை வரை இருந்தது. ஆனாலும் தின்றது. தின்ன முடியாததை மிதித்தது. மிதித்தும் நிமிர்ந்ததை வேரோடு பிடுங்கியது. ஒரு வேரோடு மண்புழுவும் வெளியே வந்து விழுந்தது.

"என் கூரையை ஏன் பிய்க்கிறாய்?" என்று சிடுசிடுத்தது மண்புழு. "காற்றில் இருக்கும் கரியைப் புல்தான் இழுத்து, வேர் வழியாக மண்ணுக்குள் வைக்கிறது. வேர் செத்தால் அது மறுபடி காற்றுக்கே போய்விடும். காற்று சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லோரும் வேக வேண்டியதுதான்."

"எல்லோரும்தானே? மான்களும் வேகட்டும்," என்றது எருமை.

மறு கரை மொட்டையானது. மண்ணில் இருந்த கரி கண்ணுக்குத் தெரியாமல் மேலே போனது. நீங்கள் பாடத்தில் கரியமில வாயு என்று படிக்கிறீர்களே, அதுதான். வெயில் ஏறியது. மழை தள்ளிப்போனது. கடைசியில் ஒரே கொட்டாகக் கொட்டியபோது, பிடித்து நிறுத்த வேரில்லாத மண் ஓடையோடு போய்விட்டது. இந்தக் கரையிலும் புல் தீர்ந்தது. மாறுவதற்கு வேறு கரை இல்லை.

ஒரு நாள் மான்கள் புறப்பட்டன.

"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டது எருமை. அவர்களுக்கு மட்டும் ஏதோ நல்லது கிடைத்துவிட்டதோ என்று அப்போதும் அதற்குப் பொறுக்கவில்லை.

"மலைக்கு அந்தப் பக்கம் புல் இருக்கிறதாம், அக்கா. நீயும் வா. மெதுவாகவே நடக்கிறோம். கன்று நடக்குமா?" என்றது முன்னால் நின்ற மான்.

எருமை திரும்பிப் பார்த்தது. வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்த்த கன்று, எழுந்து நிற்க முயன்று மறுபடி விழுந்தது. எருமை கன்றின் அருகே போய் நின்றுகொண்டது.

மான்கள் சற்று நேரம் காத்திருந்தன. பிறகு போய்விட்டன.

நீதி: பிறருக்குக் கிடைக்கக் கூடாது என்று மண்ணை மொட்டையடிப்பவர், தம் பிள்ளையின் உணவையும் சேர்த்தே அழிக்கிறார்.