பதினேழாம் துளை

நகரத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கணினியில் அடுக்கடுக்காகக் கட்டிக் காட்டுவதில் மெஹருன்னிசா பெரிய கை. அவரிடம் பாடம் கேட்க வந்த ஞானதிரவியத்துக்கு அவரைவிடப் பத்து வயது கூட. முன்பு நிலத்தடி மண்ணைச் சோதிக்க ஊரெல்லாம் நூற்றுக்கணக்கில் துளை போட்டுச் சேற்றோடு சேறாகக் கிடந்தவர். அதைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை.

நாற்பது துளைகளின் குறிப்புகளை வைத்து அவர் கணினியில் கட்டிய முதல் மாதிரி முடிந்தது. மேலே மணல், நடுவே களிமண், கீழே வழவழவென்று பாறை. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் அது சுரங்க ரயில் போடுகிறவர்களிடம் போக வேண்டும். குருவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மெஹருன்னிசா போடவில்லை.

"ஏன் மேடம்?"

"நாற்பது துளையில பதினேழாவது எங்கண்ணே?"

"எடுத்துட்டேன். சுத்தியும் பாறை, அதுல மட்டும் சேறுன்னு எழுதியிருக்கு. துளையிலேர்ந்து எடுத்த மண்ணுப் பெட்டிய மாத்தி அடுக்கியிருப்பாங்க. துளை போடுறவங்க லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"நெஜமாவே சேறா இருந்தா?"

"தோண்டுற மெஷின் புதைஞ்சிரும். மேல இருக்கற வீடெல்லாம்..."

மெஹருன்னிசா அலமாரியிலிருந்து பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கணினியில் துளைகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. இது பதினோரு வருஷத்துக்கு முன்னால் துளை போட்ட இடத்திலேயே எழுதிய தாள். கோணல்மாணலாக ஒரு குறிப்பு: 'தண்டு தானா எறங்குது. நம்பாம பக்கத்துல இன்னொண்ணு போட்டோம். அங்கயும் சேறுதான்.'

அடியில் துளை போட்டவரின் கையெழுத்து. ஞானதிரவியம் தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தார்.

பாறை என்று எழுதச் சொல்லி அன்றைக்கு மேற்பார்வையாளர் குதித்த குதி ஞாபகம் வந்தது. முடியாது என்று தான் மழையில் நின்றதும் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

பதினேழாம் துளையை மாதிரியில் திரும்பச் சேர்த்தார். பாறையில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தது. சுரங்கப் பாதை நேராக அதற்குள்தான் போனது.

"அழகு போச்சே மேடம்."

மெஹருன்னிசா பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு, 'செய்தவர்: ஞானதிரவியம்' என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'துளை போட்டவர்' என்றும் எழுதினார்.

"ஐயோ, அது எதுக்கு மேடம்?"

"என் பேருக்குப் பக்கத்துல அப்படிப் போட்டுக்க எனக்குக் குடுத்து வைக்கலையே அண்ணே" என்றார் மெஹருன்னிசா.